ஏகன் 7

பித்தளைக் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளின் வரலாற்றை எழுதப்போய் நான் கெட்டுக் குட்டிச்சுவரான கதை இது. எல்லாம் உள்ளங்கை அளவு பொம்மைப் பெட்டிகள். எண்பதுகளில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பியவை. இன்று சேகரிப்பவர்கள் அதற்காக நாயாய் அலைகிறார்கள். சேலத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளை நானும் அதற்கே தொலைத்தேன்.

ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஊசியால் கீறிய எழுத்து இருக்கும். ‘ஏகன் 3’, ‘ஏகன் 7’ என்று. கொக்கிகளை ஒப்பிட்டுப் பார்த்து, எந்த எண் எந்த வருடத்தில் செய்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். ஏகன்? செய்தவர் பெயர்தான், வேறென்ன! தனி ஒருவராக நின்று சாதித்த கலைஞர் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். பொம்மை ரயில் சேகரிப்பவர்களின் சங்கத் தலைவர் தீனதயாளன் அதைப் புத்தகமாகவே போட முன்வந்தார்.

அச்சுக்குப் போகிற வாரம், அந்தப் பட்டறையில் பதினாலு வருடம் வேலை செய்த சின்னாயி இருக்கிறார் என்று தகவல் வந்தது. ஓடினேன்.

“ஏகன்னு ஒருத்தர் இருந்தாரே, தெரியுமாம்மா?”

“ஒருத்தருங்களா? ரயிலு ஏகனுங்க. நாந்தானுங்க செய்வேன். ஓனரு தகடு வெட்டிக் குடுப்பாரு. அராவறது, பத்த வெக்கறது, கதவு மாட்டறது எல்லாம் என்ற கைதானுங்க.”

எனக்கு மண்டையில் ஏறவில்லை. அவர் உள்ளே போய் ஒரு பித்தளை லாரிப் பொம்மையைக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினார். அதே கையெழுத்தில் ‘லாரி 2’.

“அடித்தகடெல்லாம் ஒண்ணாட்டமே இருக்கும், பொட்டியில போட்டா கலந்துருமுங்க. அதான் எழுதி வெப்பேன். இது லாரி. அது ஏகன்.”

வீட்டை ஊடு என்கிற ஊரில் கூட்ஸ் வேகன் ஏகன் ஆகாமல் வேறு என்னவாகும்? இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மடையனான எனக்கு அது உறைக்கவில்லை.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஏனுங்க சாமி, நீங்க எழுதற பொஸ்தகத்துல என்ற பேரு வருமுங்களா? நான் ரயிலு செஞ்சேன்னு சொன்னா என்ற மருமவ ஜெயப்பிரியா சிரிக்கறா.”

“கட்டாயம் வரும்மா.”

தீனதயாளனிடம் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “ரூபன், ஏகன்னா ஒரு கெத்து இருக்குய்யா. வேகனைத் தப்பா எழுதின அம்மா செஞ்சதுன்னு போட்டா எவன் மதிப்பான்? முதல்ல உன் மானம்தான் கப்பலேறும்.”

என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். எனக்குச் சூடு சொரணை இருந்திருந்தால் கத்தியிருப்பேன். சரி சார் என்றேன். தூ!

புத்தகம் எப்போது வரும் என்று சின்னாயி வாரா வாரம் போன் செய்தார். வேறு வழியில்லாமல் ஒரு பிரதியோடு போனேன். அட்டையில் ‘ஏகன் 7’ பெரிதாக இருந்தது.

“இதா பாரு ஜெயப்பிரியா, என்ற எழுத்து!” முகமெல்லாம் பல்லாக மருமகளிடம் நீட்டினார்.

ஜெயப்பிரியா பிரித்து உரக்கப் படித்தாள். “இப்பெட்டிகள் அனைத்தையும் செய்தவர் ஏகன் என்னும் கலைஞர்.” மாமியாரைப் பார்த்தாள். “அதானே பாத்தேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சின்னாயி என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“அப்படி ஒரு ஆளு எங்க பட்டறையில இல்லீங்களே, சாமி” என்றார்.