கோயில் பேரை முதலில் சொன்னது யார்?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து கோயம்புத்தூர் போகும் பேருந்தில் சாந்தாமணி என்ற அம்மா என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். எந்த ஊருங்க என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன். கிணத்துக்கடவு வருவதற்குள் தென்னந்தோப்பு, போன வருடம் இறந்துபோன கணவர், கோயம்புத்தூர் விடுதியில் தங்கி எம்.டெக். சைபர் செக்யூரிட்டி படிக்கும் மகள் என்று குடும்பமே என் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. புதிதாகக் கிடைத்த தம்பிக்கு வேட்டி துண்டு எடுக்கப் போகிறாராம். அதென்ன புதிதாகக் கிடைத்த தம்பி என்று என் எழுத்தாளப் புத்தி நிமிர்ந்தது.

மகள் ரித்திகாவின் எண்ணையும் அவரேதான் கொடுத்தார். நான் கேட்கவில்லை. (கேட்காமலே வாங்கத் தெரிந்தவன் என்று ரித்திகா இந்த வரியைத் திருத்தச் சொன்னாள்.)

"எங்கம்மாகிட்ட நீங்க பண்ணுனதுக்கு எங்க பாடத்துல ஒரு பேரு இருக்குதுங்க," என்றாள் முதல் பேச்சிலேயே. கதை எழுத ஒரு நிபந்தனை போட்டாள். அம்மாவின் பிறந்த வீட்டுக் குலதெய்வக் கோயிலின் பெயர் எங்கும் வரக்கூடாது. ஏன் என்று கேட்டேன்.

"அம்மாவோட பாஸ்வேர்டே அதுதானுங்க."

ஆகவே அந்த இடங்களில் [ ] போட்டிருக்கிறேன். யூகித்துப் பார்க்காதீர்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: இருண்ட அறையில் திரை முழுக்கப் பச்சை எழுத்துகள் ஓட, ரித்திகாவின் விரல்கள் விசைப்பலகையில்

படித்துக் காட்டியதும் அவள் சிரித்த சிரிப்பில் அதைப் பாதியிலேயே அடித்துவிட்டேன். பச்சை எழுத்தெல்லாம் சினிமாவில்தான் ஓடுமாம். அவள் படிப்பில் பாதி, நல்லவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்பதுதான். பூட்டை உடைக்க யாரும் மெனக்கெடுவதில்லை, சாவி வைத்திருப்பவரிடம் அன்பாக நாலு வார்த்தை பேசினால் போதும். முதல் பருவத்தில் இதைப் படித்ததிலிருந்து அவளுக்கு யார் அன்பாகப் பேசினாலும் சந்தேகம் வருகிறது. விடுதிச் சமையற்காரர் இன்னொரு தோசை வைக்கட்டுமா என்று கேட்டால்கூட என்ன காரியமாகக் கேட்கிறார் என்று யோசிக்கிறாள். இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அவளுக்கு இல்லை.

3

இனி அந்தத் தம்பி. ஒரு மத்தியானம் சாந்தாமணிக்கு ராங் நம்பர் ஒன்று வந்தது. பேசியவன் கொப்பரை வியாபாரி ஒருவரைக் கேட்டான். அவர் இல்லை என்று போனை வைத்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் அப்படி வைக்கமாட்டோம். எந்த ஊருங்க, எந்தக் கூட்டம் (குலம்), எந்தக் கோயில் என்று விசாரித்து, எதிராளி பங்காளியா மாமன் மச்சானா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் போனை வைக்க மனம் வரும். விசாரித்ததில் அவன் பெயர் திருமூர்த்தி, அவனுக்கும் சாந்தாமணியின் பிறந்த வீட்டுக் கோயிலேதான், ஆகவே தம்பி முறை என்று தெரிந்தது. உடன்பிறந்தான் இல்லாத சாந்தாமணிக்கு ஒரே போனில் ஒரு தம்பி வந்துவிட்டான். நாளைக்கு ரித்திகாவின் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் செய்ய ஆள் இருக்கிறது.

அந்த முதல் பேச்சை என்னால் எழுத முடியவில்லை. இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) "என்ற பொறந்த ஊட்டுக் கோயில் [ ] தானுங்க," என்றார் சாந்தாமணி. "அட, எங்களுக்கும் அதேதானுங்கக்கா," என்றான் திருமூர்த்தி.

(ஆ) "எங்களுக்குக் கோயில் [ ] தானுங்க," என்றான் திருமூர்த்தி. "அட, என்ற பொறந்த ஊட்டுக்கும் அதேதான் சாமி," என்றார் சாந்தாமணி.

வரிசையைத்தான் மாற்றியிருக்கிறேன். (ஆ) உண்மையென்றால் அவன் உறவுக்காரன். (அ) உண்மையென்றால் அவன் யாராகவும் இருக்கலாம். ரித்திகாவும் அம்மாவிடம் இதையேதான் கேட்டாள், மொதல்ல சொன்னது நீயா அவரா என்று. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சொன்னோம்னு நெனைக்கறேன் கண்ணு என்றாராம் அம்மா.

4

அவன் ஒரு காசு கேட்கவில்லை. ஓ.டி.பி. கேட்கவில்லை. தினமும் மத்தியானம் கூப்பிட்டுச் சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்று கேட்டான், அவ்வளவுதான். அதுதான் ரித்திகாவை உறுத்தியது. நம்பிக்கையை வளர்க்கும் கட்டத்தில் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று பாடத்தில் இருக்கிறது. வீடியோவில் வரச் சொன்னால் தன்னிடம் இருப்பது பட்டன் போன் என்றான். ஆனால் கணவர் போனபிறகு சிரிப்பதையே விட்டிருந்த அம்மா, இப்போது மத்தியானம் ஆனால் முகம் கழுவிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தார். அதையும் ரித்திகா பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கோயில் பொங்கலுக்குக் காரில் கூட்டிப்போகிறேன் என்று அவன் சொன்னபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. முகம் தெரியாதவன் காரில் அம்மா ஏறப் போகிறார். கோயிலைப் பற்றி அவனிடம் ஏதாவது கேட்டுப் பார் என்றாள். உறவைச் சோதிப்பதா என்று சாந்தாமணி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஞாயிறு ரித்திகா ஊருக்கு வந்திருந்தாள். அம்மா காய் பறிக்கும் ஆட்களோடு தோப்புக்குள் இருந்தார். சார்ஜில் கிடந்த போனை எடுத்து அவனைக் கூப்பிட்டு, அம்மாவின் குரலில் ரித்திகாவே பேசினாள். குரல் அச்சாக வரும். சொந்தக்காரர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

"தம்பி, நம்ம கோயில்ல பொங்கப்பானையை எந்தப் பக்கம் பாத்து வெப்போம்? மறந்துபோச்சு."

எதிர்முனையில் அவன் மெதுவாகப் பேசினான்.

"எங்கம்மாளுக்கு நேத்துத்தான் கண்ணு ஆப்பரேசனுங்க. அக்கா அதைக் கேக்காம வேற பேச்சு எடுக்காது. நீங்க யாருங்க? அக்கா போன் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

ரித்திகா பதறிப்போய்த் துண்டித்துவிட்டாள். எம்.டெக். படிப்பில் அவள் செய்த முதல் ஆள்மாறாட்டம் அரை நிமிடத்தில் பிடிபட்டது. நலம் விசாரிக்காமல் காரியத்துக்கு வருவது இந்த ஊரில் திருடனின் அடையாளம் என்று அவளுக்குத் தோன்றாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது. வெட்கம் ஆறியதும் பழையபடி சந்தேகம். கேட்ட கேள்விக்கு அவன் பதிலே சொல்லவில்லையே.

5

அதிலிருந்து அவன் போன் சுவிட்ச் ஆஃப். மாட்டிக்கொண்டோம் என்று ஓடிவிட்டானா, அக்காவின் போன் யாரோ கைக்குப் போய்விட்டது என்று பயந்து நிறுத்திவிட்டானா? சாந்தாமணி திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அவங்கம்மாளுக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு என்று அழுதார். நான்தான் பேசினேன் என்று சொல்ல ரித்திகாவுக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு எடுத்து ஊரில் இருந்தாள். அம்மா விடிந்ததும் குளித்து, பச்சரிசியும் வெல்லமும் கட்டி, வேட்டி துண்டை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவன் வராமல் போனால் அம்மா உடைந்துபோவார். வந்துவிட்டால் அதைவிடப் பயம். கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது.

இறங்கியது யார் என்று ரித்திகாவிடம் கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேனுங்க. திருமூர்த்திங்கறது நீங்க இல்லேன்னு நான் எப்படி நம்பறது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திருமூர்த்தியை யாரும் பார்த்ததில்லை. பேருந்து இரைச்சலில் என் குரல் அம்மாவுக்குப் பிடிபட்டிருக்காது. நானும் அன்பாகத்தான் பேசினேன், நானும் காசு கேட்கவில்லை. இப்போது அவள் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது அநேகமாக எதுவும் இல்லை. நான் இல்லை என்றேன். அவனும் அப்படித்தான் சொல்லுவான் என்று போனை வைத்துவிட்டாள்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. மேலே போய் (அ), (ஆ) இரண்டில் ஒன்றை நீங்களே பேனாவால் அடித்துவிடுங்கள். சீக்கிரம் அடியுங்கள். கார்க் கதவு திறக்கிறது. சாந்தாமணி ஒரு கையில் மஞ்சப்பையோடு மறுகையால் கேட்டின் தாழ்ப்பாளை நீக்குகிறார். பின்னால் ரித்திகா, "அம்மா, அன்னைக்குப் போன்ல பேசுனது