தாளின் உச்சியில் மூன்று எழுத்து

நூற்றிருபது வாக்கியங்களையும் முடித்து அனுப்பிவிட்டு ஃபிளோரா நாற்காலியில் சாய்ந்தபோது மணி பதினொன்று நாற்பத்து மூன்று. கும்பகோணத்தில் அந்த நெட் கடை இருந்த தெருவுக்குப் பன்னிரண்டு முதல் இரண்டு வரை மின்வெட்டு. சென்னை மொழிபெயர்ப்புக் கம்பெனியோ வேலைக்கான தேர்வைப் பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் வைத்திருந்தது. இப்படி எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது போல் அமைந்தால்தான் அவளுக்குப் பயம் வரும்.

தேர்வு, ஆங்கில வினைகளை ஸ்பானிஷில் எழுதுவது. பின்னால் அப், அவுட், ஓவர் என்று வாலைக் கட்டிக்கொண்டு திரிகிற வினைகள். அகராதியை நம்பினால் காலை வாரிவிடும். ஃபிளோரா அவற்றை அகராதியில் படிக்கவில்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்து ஸ்பெயினுக்குப் போனவள் அவள். சலமாங்கா மடத்தில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஓர் ஐரிஷ் சிஸ்டருக்கு நான்கு வருடம் துணையாக இருந்தாள். கடைசியில் அந்த அம்மாளுக்கு ஸ்பானிஷ் மறந்துபோய் ஆங்கிலம் மட்டும் மிஞ்சியது. டாக்டருக்கு ஆங்கிலம் தெரியாது. இருவருக்கும் நடுவில் இவள். வாந்திக்கு 'த்ரோ அப்' என்றால் வொமிதார், மயக்கத்துக்கு 'பாஸ் அவுட்' என்றால் தெஸ்மயார்சே. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டும் தலையைத் தாங்கிக்கொண்டும் கற்ற சொற்கள். இன்றைய எழுபத்து நாலாவது வாக்கியத்தில் யாரோ 'பாஸ்ட் அவே' ஆகியிருந்தார். ஃபல்யெஸியோ என்று அடித்துவிட்டு, நேரம் ஓடுவது தெரிந்தும், கொஞ்சம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மடத்தைவிட்டு வந்து எட்டு மாதமாகிறது. ஏன் வந்தாய் என்று திருப்பனந்தாள் பக்கத்து அவள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஏன் வந்திருப்பாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் மிக்கேல்ராஜ் நாகப்பட்டினத்தில் ஒரு வரன் பார்த்திருந்தான். மனைவியை இழந்தவர், மரக்கடை, இரண்டு பிள்ளைகள். இந்த வேலை கிடைத்தால் திங்கட்கிழமை சென்னை, கிடைக்காவிட்டால் ஞாயிறன்று அவர்களுக்கு வாக்கு. இதுதான் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒப்பந்தம். அவனே டிவிஎஸ் ஐம்பதில் கொண்டுவந்து விட்டு, வெளியே வேப்பமர நிழலில் வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தான். முகத்தில் கோபம் கிடையாது. முடிந்துபோன காரியத்துக்கு ஒரு சம்பிரதாயத்துக்காகக் காத்திருக்கிறவன் மாதிரி இருந்தான். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

விதிமுறைத் தாளைச் சும்மாதான் புரட்டினாள். ஆறாவது விதி: தேர்வு எண்ணைத் தவிர பெயர், முதலெழுத்து, எந்த அடையாளமும் விடைக் கோப்பில் இருக்கக் கூடாது, இருந்தால் திருத்தாமலே தள்ளப்படும். பன்னிரண்டுக்குள் கடைசியாக வரும் கோப்பே கணக்கில் எடுக்கப்படும்.

முதல் பக்கத்தின் உச்சியில், நடுவில், ஜே.எம்.ஜே. என்று அடித்திருந்தாள். ஜீசஸ், மேரி, ஜோசப், தமிழில் சேசு, மரி, சூசை. எழுதத் தெரிந்த நாளிலிருந்து அந்த மூன்று எழுத்து இல்லாமல் அவள் ஒரு தாளையும் தொடங்கியதில்லை. பரீட்சையோ, கடிதமோ, மளிகைச் சீட்டோ, கை அதை எழுதிவிட்டுத்தான் அவளிடம் வரும். சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அது யாரோ ஒருத்தியின் இனிஷியல். மடத்தைவிட்டு அவள் வந்துவிட்டாள், கை வரவில்லை.

அனுப்பிய கோப்பை மறுபடி திறக்கப் போனபோது விசிறி நின்றது. திரை கறுத்தது. பதினொன்று நாற்பத்தெட்டு. பன்னிரண்டு நிமிடம் முன்னதாகவே பிடுங்கிவிட்டார்கள்.

கடைக்காரர் அப்துல் அஜீஸ், யூபிஎஸ் போன வாரமே படுத்துவிட்டது என்றார். ஜெனரேட்டர் இருக்கிறது, பெட்ரோல்தான் இல்லை. என்ன தப்பாகிவிட்டது என்று கேட்டார். சொன்னாள். அவர் மேசை மேல் கிடந்த தன் பில் புத்தகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு சீட்டின் தலையிலும் பிஸ்மில்லாவுக்கு 786 என்று அச்சடித்திருந்தது. ஒரு காலி தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"வெளிய உங்க அண்ணன் வண்டி நிக்குதுல்ல, சிஸ்டர்?"

அதற்குப் போய் அண்ணனிடம் நிற்பதற்கு, இப்படியே தோற்றுவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வெயிலில் இறங்கி, பாட்டிலை நீட்டி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். மிக்கேல்ராஜ் பாட்டிலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் சும்மா இருந்தாலே போதும். மறுக்கக்கூட வேண்டாம், இன்னும் ஏழெட்டு நிமிடம் யோசித்தால் ஞாயிற்றுக்கிழமை தானாக வந்துவிடும். அது அவனுக்கும் தெரியும் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

பிறகு குந்தி உட்கார்ந்து டியூபைப் பிடுங்கினான். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. அரை பாட்டில்தான் வந்தது.

ஜெனரேட்டர் நாலாவது இழுப்பில் பிடித்தது. கம்ப்யூட்டர் எழுந்து நெட் வருவதற்குள் மணி பதினொன்று ஐம்பத்தாறு. கோப்பு திறந்தபோது அண்ணன் முதுகுக்குப் பின்னால் நிற்பதைப் பெட்ரோல் வாடையில் உணர்ந்தாள். சிறு வயதில் சிலேட்டில் அவள் கையைப் பிடித்து 'சே.ம.சூ.' எழுதப் பழக்கியவனே அவன்தான்.

"அதையா அழிக்கிற?"

"அழிச்சாதாண்ணே எடுத்துக்குவாங்க."

ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். தாளின் உச்சி வெறுமையாக இருந்தது, பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஐம்பத்தொன்பதுக்கு அனுப்பும் பட்டனை அழுத்தினாள். போய்க்கொண்டிருக்கிறது என்று திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

போயிற்றா என்று அப்துல் அஜீஸ் கேட்டார். தெரியவில்லை என்றாள். கோப்பை ஏற்றுக்கொண்டால் கம்பெனியிலிருந்து செல்லுக்குச் செய்தி வரும். அவளுக்குச் செல் கிடையாது. அண்ணன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு பங்க் வரை நடந்தார்கள். அங்கேயும் கரண்டு இல்லை, வாசலில் கயிறு கட்டியிருந்தது. வண்டிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். நாகப்பட்டினத்துக்காரர்களும் இன்று கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள் என்றான். அவள் தலையசைத்தாள்.

அவன் சட்டைப் பையில் செல் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. மிக்கேல்ராஜ் பெட்ரோல் பட்ட கையை வேட்டியில் துடைத்தான். செல்லை எடுத்தான். பார்க்காமலே, காலி டேங்குக்கு மேலாக அவளிடம் நீட்டினான்.