நான்காம் பத்தியை வாசித்துக் காட்டுதல்

1

பதினொரு நாள், ஆறு மணி நேரம்.

நியூசிலாந்துக் குடியேற்றத் துறையின் கடிதத்தை நான் அச்செடுத்தபோது, பதில் போய்ச் சேர அவ்வளவு நேரம்தான் மீதமிருந்தது. அவர்களுக்கு நள்ளிரவு என்றால் நமக்கு மாலை நாலரை. அதையும் கழித்துத்தான் சொல்கிறேன். நான் வேதியியல் படித்தவள். தோராயமாகச் சொல்ல வராது.

இந்தக் கதை அந்தக் கடிதத்திலிருந்து பிறந்தது. (‘பிறந்தது’ பெரிய சொல். அச்செடுத்த தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுத ஆரம்பித்தேன்.)

தருமபுரியில் வழக்கறிஞர் மாதவராஜிடம் வேலை பார்க்கிறேன். அவர் நோட்டரியும்கூட. ஆங்கிலத்தில் எழுத வேண்டியதெல்லாம் என் மேசைக்கு வரும். வருகிறவர்களிடம் அவர் பேசுவார், நான் தட்டச்சு செய்வேன். இப்படி ஒரு வேலை கிடைத்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்குக் காது சுடும்.

கடிதம் என் கல்லூரித் தோழி பிரியதர்ஷினியைப் பற்றியது. அவள் கணவன் பூவரசன் ஆக்லாந்தில் வெல்டர். இரண்டு வருஷமாக அவன் அங்கே, இவள் கடத்தூர்ப் பக்கம் அப்பா வீட்டில். திறன்மிகு தொழிலாளருக்கான வசிப்பு விசாவுக்கு மனைவியையும் சேர்த்து விண்ணப்பித்திருந்தான். மனைவியைச் சேர்க்க வேண்டுமானால், திருமணம் உண்மையானது என்று நிரூபிக்க வேண்டும்.

உண்மையானதுதான். அதுதான் சிக்கல்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘மொரப்பூர் ரயில் நிலையத்தில் அன்று மழை

(மழை பெய்யவில்லை. விட்டுவிடுகிறேன்.)

இரண்டாவது முயற்சி: ‘வெற்றிலைத் தோட்டத்து வீரமணி, தான் மாப்பிள்ளை தேடிய கதையைச் சொல்லாத ஆள் கடத்தூர்ச் சந்தையில் ஒருவரும்

இதையும் முடிக்கவில்லை, ஆனால் இது உண்மை. வீரமணி பிரியாவின் அப்பா. தரகர் தந்த மூன்று போட்டோக்களில் பூவரசனைத் தானே தேர்ந்தெடுத்ததாகச் சொல்வார். பையனின் ஊர் டீக்கடையில் மூன்று நாள் யாரோ போல உட்கார்ந்து விசாரித்தாராம். ஒன்பது டீ. அதில் இரண்டு சர்க்கரை இல்லாமல்.

விண்ணப்பத்துக்குப் பெண்ணின் பெற்றோரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றபோது நேராக என்னிடம்தான் வந்தார். அப்போது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதை இப்படியே தருகிறேன்.

“எழுதும்மா. எம்பொண்ணு மாப்பிள்ளைய மொதமொதல்ல பாத்தது, பொண்ணு பாக்க அவுங்க வந்தன்னைக்குத்தான். அன்னைக்குங்கூட அவ நிமிந்து பாக்கல. காப்பியக் குடுத்துட்டு உள்ள போய்ட்டா.”

“அது வேணாங்கப்பா,” என்றேன்.

“ஏன் வேணாம்? அதாம்மா முக்கியம். நாம புள்ளைங்கள எப்பிடி வளக்கறம்னு அந்த நாட்டுக்காரனும் தெரிஞ்சிக்கட்டும்.”

நான் தட்டச்சு செய்தேன். அவர் கையெழுத்திட்டார். மாதவராஜ் சார் முத்திரை வைத்தார். மூன்று பேரில் அந்த வாக்கியம் பொய் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

3

பிரியாவும் பூவரசனும் இரண்டரை வருஷம் காதலித்தார்கள். ஒரே சாதி, ஒரே பக்கத்து ஆட்கள். கேட்டிருந்தால் வீரமணி சரி என்றிருப்பாரோ என்னவோ. ஆனால் ‘பொண்ணு தானாத் தேடிக்கிட்டா’ என்பது அவர் வீட்டில் வேறு விஷயம். அதனால் பூவரசன் தன் அத்தையைப் பிடித்துத் தன் போட்டோவைத் தரகரிடம் சேர்த்தான். மூன்று போட்டோக்கள் வீட்டுக்கு வந்தன. பிரியா அவற்றைத் துடைத்து அடுக்கினாள், அவனுடையதை மேலே வைத்து. “உங்க இஷ்டம்பா,” என்றாள்.

(இங்கே அவளைக் கொஞ்சம் குற்ற உணர்வோடு எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவளுக்கு அன்று குற்ற உணர்வே இல்லை. சிரிப்பை அடக்கத்தான் குனிந்திருந்தாள்.)

யாருக்கும் தெரியாமல் முடிந்த விஷயம். பூவரசன்தான் கெடுத்தான். விண்ணப்பத்தோடு திருமணப் போட்டோக்கள் அனுப்பச் சொன்னார்கள். கல்யாணப் போட்டோ நாற்பதையும் ஏற்றியவன், ஆசை தாங்காமல் இன்னொன்றையும் ஏற்றினான். ஒகேனக்கல், பரிசல், பின்னால் பாறை. இருவரும் நனைந்து சிரிக்கிறார்கள். மூலையில் தேதி: பிப்ரவரி 2020. பெண் பார்த்தது ஜூன் 2022.

கடிதம் இதைத்தான் கேட்டது. தந்தை சொல்வதும் படம் காட்டுவதும் முரண்படுகின்றன. விளக்கம் தரவும். திருப்தி இல்லையென்றால் மனைவியின் பெயர் நீக்கப்படலாம்.

பூவரசன் அமர்த்தியிருந்த ஆக்லாந்து வக்கீலம்மா தன் பங்குக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ‘நிமிர்ந்தே பார்க்காத பெண் எப்படிச் சம்மதித்தார்?’

மாதவராஜ் சார் அதை இரண்டு முறை படித்தார். “நியாயமான கேள்விதாம்மா,” என்றார். “எங்க ஊட்ல கேட்டுப் பாக்கறேன்.”

4

வக்கீலம்மா சொன்ன வழி நேரானது. எதையும் மறைக்கக் கூடாது. பிரியாவும் பூவரசனும் உண்மையை எழுத வேண்டும். வீரமணி பழைய கடிதத்தைத் திருத்தி, உறுதிமொழிப் பத்திரம் ஒன்று தர வேண்டும். அந்தப் போட்டோவை எடுத்தவர் கிடைத்தால் அவரும் ஒன்று தர வேண்டும். அது நல்ல பலம்.

போட்டோ எடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரிசலில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பிளசி என்று பெயர் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். துறுதுறுவென்று பேசினாள், ஜோக் அடித்தாள், மீன் வறுவலுக்குப் பேரம் பேசினாள். திரும்பப் படித்தபோது ஒரு வரியையும் நம்ப முடியவில்லை. அடித்துவிட்டேன். கதைக்கு அவள் தேவையில்லை.

வக்கீலம்மாவுக்குத் தேவைப்பட்டாள். ‘அந்த நபரை இப்போது தொடர்புகொள்ள இயலவில்லை’ என்று பதில் தட்டச்சு செய்தேன். ‘இன்னொரு முறை முயன்று பாருங்கள்’ என்று வந்தது.*

வீரமணியின் பத்திரத்தை நான்தான் எழுதினேன். ஏழு பத்திகள். நான்காவதுதான் முக்கியம். அப்பாவிடம் தானே சொல்லிவிடுவதாகப் பிரியா வாக்குக் கொடுத்திருந்தாள். ஐந்து நாள் தினமும் போன் செய்தேன்.

“சொல்லிட்டியா?”

“இன்னைக்கு வெத்தல ஏத்தற நாளுடி.”

மறுநாள்: “சொல்லிட்டியா?”

“அவுரு நல்ல மூட்ல இருக்காரு. அதக் கெடுக்கவா?”

அதற்கு மறுநாள்: “மூட் சரியில்லடி.”

* வேதியியலில் முடிவு வராத சோதனையையும் எழுதி வைக்க வேண்டும் என்பார்கள். இதையும் எழுதி வைக்கிறேன்: அந்தப் பதிலை அனுப்பியபோது என் காது சுட்டது. அறையில் யாரும் இல்லை.

5

ஒன்பதாம் நாள் அப்பாவும் மகளும் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிரியா என்னைப் பார்த்து, இல்லையென்று தலையை ஆட்டினாள். சொல்லவில்லை.

ஒரு நடைமுறையை விளக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர் ஆங்கிலப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், அதைத் தமிழில் வாசித்து விளங்கச் சொல்ல வேண்டும். சொன்னவர் அடியில் தன் பெயரையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அது நான்.

வீரமணி என் எதிரில் உட்கார்ந்தார். மஞ்சப்பையிலிருந்து எனக்கென்று ஒரு கவுளி வெற்றிலையை எடுத்து மேசையில் வைத்தார்.

“படிம்மா. நீ சொன்னா சரி. காலேஜிக்குப் போறப்பவே, உங்கூடப் போறான்னா நான் கேள்வியே கேக்க மாட்டேனே.”

மூன்று முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன்.

முடிவு அ: மூன்றாம் பத்தியிலிருந்து ஐந்தாம் பத்திக்குத் தாவுகிறேன். அவர் கையெழுத்திடுகிறார். விசா வருகிறது. எல்லோருக்கும் நல்லது. (பத்திரத்தின் அடியில் என் பெயர் இருக்கும்.)

முடிவு ஆ: பிரியா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்கிறாள். (அவளை எட்டு வருஷமாகத் தெரியும். அவள் அழமாட்டாள். காப்பி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போவாள்.)

முடிவு இ: “எனக்கு அப்பவே தெரியும்மா,” என்று வீரமணி சிரிக்கிறார். மூன்று நாள் டீக்கடையில் இருந்தவருக்கு யாராவது சொல்லாமலா இருந்திருப்பார்கள்? உங்களுக்கு இதுதான் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. ஆனால் அன்று அவர் முகத்தை நான் பார்த்தேன். அவருக்குத் தெரியாது.

6

இந்தப் பகுதி ஒரு வாக்கியத்தோடு நின்றுவிடும். அவர் கையெழுத்திட்டாரா, மீதமிருந்த இரண்டு நாளில் என்ன நடந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள். (கவலைப்பட வேண்டாம். இதை நான் நிம்மதியாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

முதல் பத்தி: பெயர், வயது, ஊர். இரண்டு: நிலம், தொழில். மூன்று: கல்யாணம் நடந்த நாள், மண்டபம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“நாலு,” என்றேன்.

மாதவராஜ் சார் பேனாவை மூடி வைத்தார்.

“‘முன்னாடி நான் குடுத்த கடுதாசில, என் மக மாப்பிள்ளைய மொதல்ல பாத்தது பொண்ணு பாத்தன்னைக்குத்தான்னு சொல்லியிருந்தேன். அது தப்பு. அதுக்கு ரெண்டரை வருசம் முன்னாடியே அவுங்க ரெண்டு பேரும் பழகி, விரும்பி, கல்யாணம் பண்ணிக்கறதுன்னு முடிவு பண்ணியிருந்தாங்க. இது இப்ப எனக்குத் தெரியும்.’”

மின்விசிறி சுற்றியது.

“எனக்கு எங்க தெரியும்மா?” என்றார் வீரமணி.

“இப்பத் தெரியுமில்லைங்க,” என்றார் மாதவராஜ் சார்.

வீரமணி அவரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். பிரியா எழுந்துவிட்டாள். “காப்பி வாங்கியாரன்பா.”

“உக்காரு. காப்பி குடுத்துத்தான் என்னைய ஏமாத்தியிருக்க.”

உட்கார்ந்தாள். அவர் மேசையிலிருந்த ஃபைலை இழுத்து, கடிதத்தோடு இணைத்திருந்த படத்தை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். தண்ணீரையும் பாறையையும் விட்டுவிட்டு மகளின் சிரிப்பை மட்டும் பார்த்தார் என்று எழுத ஆசை. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

“ஒகேனக்கல்லு. எங்கிட்ட பரீட்சைன்னு சொல்லிட்டுப் போன நாளு இது?”

“ஆமாப்பா.”

“ரெண்டு பேருந்தான் இதுல இருக்கீங்க. அப்ப இத எடுத்தது யாரு?”

“பரிசல்காருப்பா,” என்றாள் பிரியா உடனே. என்னைப் பார்க்கவே இல்லை. “துடுப்ப வச்சிட்டு அவுருதான் எடுத்துக் குடுத்தாரு.”

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார். பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினார். பேனா என்னிடம் இருந்தது. என் காது சுட்டது.

“நாந்தாங்கப்பா எடுத்தேன்,” என்றேன்.