ஆழிமாறனுக்குத் தண்ணீர் போதாது

எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் குழந்தையின் நெற்றியில் மூன்று கை தண்ணீர், அவ்வளவுதான். ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையில் கூடும் சபையிலோ வளர்ந்த ஆளைப் பிடித்துத் தலையோடு முழுக்கி எடுப்பார்கள். இந்த வித்தியாசத்துக்காக என் அப்பா வேதசிரோமணி யாரோடும் சண்டைக்கு நிற்பார். தாம்பரத்தில் எங்கள் சபைக் கமிட்டியில் அவர் மெம்பர். இரண்டு குடும்பங்கள் ஏரிப் பக்கம் சாய்ந்துவிட்டதில் கொதித்துப் போயிருந்தார்.

நான் காதலித்தவனோ அந்த ஏரியில் முழுகி எழுந்தவன்.

ஜெபராஜ் ரயில்வேயில் கிளார்க். நான் பல்லாவரத்தில் டீச்சர். தினமும் ஒரே மின்சார ரயில். அத்தனை பேர் நடுவில் வெட்கமே இல்லாமல் சித்திரக்கதை படித்துக்கொண்டு வருவான். முதலில் கேலி செய்தேன், பிறகு நானும் விழுந்துவிட்டேன், கதையிலும் அவனிடமும். கதாநாயகன் ஆழிமாறன் கடலுக்கடியில் வாழ்பவன். தண்ணீருக்குள் மூச்சு விடுவான், சுறாவோடு பேசுவான், வில்லன்களை உதைப்பான். வேறென்ன வேண்டும்?

1972இல், மழைக்காலத்தில், ஏழாவது இதழை எனக்குக் கொடுத்தான். பழைய புத்தகக்கடையில் தேடிப் பிடித்தது. அட்டையின் மேல்பக்கம் கிழிந்து தலைப்பு போய்விட்டது. மிச்சமிருந்த படத்தில் தாடி வைத்த ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் கைகளை உயர்த்தி நிற்கிறான். மேலிருந்து வெளிச்சம் கொட்டுகிறது. கீழே கொட்டை எழுத்தில், "இந்த நீரில் மூழ்கி எழு! நீ புதிய மனிதன்!"

குடை தேடி என் பையைத் திறந்த அப்பா கையில் இது சிக்கியது.

"யூனிஸ்! அந்த ஏரிக்காரங்க துண்டுப்பிரதி உன் பைக்குள்ள எப்படி வந்தது?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் கத்தினார்.

"முழுக்கு எடுத்தவன் எவனும் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. இவரிடம் ஜெபராஜைப் பற்றி எப்படிப் பேசுவேன்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். துர்உபதேசத்துக்கெல்லாம் கோடு போட்டுக் கமிட்டியில் வைப்பாராம். முதல் பக்கத்தில் நீர்மூழ்கிக் கப்பல் வெடித்தது. அடுத்த பக்கத்தில் சுறா பேசியது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கதைப் புஸ்தகமா?" என்று முனகினார். ஆனால் மூடி வைக்கவில்லை. பென்சில் காதுக்குப் போனது.

"ஏங்க, காபி ஆறுது," என்றாள் அம்மா ரத்தினபாய்.

"இரு, இரு. மாட்டிக்கிட்டான்."

கடைசிப் பக்கத்தில் வில்லன் ஆழிமாறனைக் கண்ணாடித் தொட்டிக்குள் அடைத்து, பம்பு வைத்துத் தண்ணீரை இறைக்கிறான். தண்ணீர் வற்றினால் ஆழிமாறனுக்கு மூச்சில்லை. கழுத்தளவு இருந்தது முழங்காலுக்கு வந்து, பாதம் நனையும் அளவுக்கு இறங்கிவிட்டது. அதோடு கதையை நிறுத்திவிட்டான், எழுதின பாவி.

அப்பா எழுந்தே விட்டார். "இந்தத் தண்ணி எப்படிம்மா போதும்? ஆளு முழுசா முழுகினாத்தானே பொழைப்பான்!"

"மூணு கை தண்ணி போதும்னு நீங்கதானேப்பா சொல்வீங்க?"

அப்பா முறைத்தார். முறைப்பு நிற்கவில்லை, உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார்!

"வாயைப் பாரு. அடுத்த இதழ் யார்கிட்ட இருக்கு?"

இதை விட்டால் வேறு நேரம் வராது.

"ஜெபராஜ்னு ஒருத்தர்கிட்ட. ரயில்வேயில வேலை. அவரைத்தான் கட்டிக்கணும்னு இருக்கேன்ப்பா. அந்த ஏரியில முழுக்கு எடுத்தவர்."

அம்மா காபி டம்ளரோடு அப்படியே நின்றாள். அப்பா உட்கார்ந்து, அட்டையில் தண்ணீருக்குள் நிற்பவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வரச் சொல்லு," என்றார் ஒருவழியாக. "புஸ்தகத்தை மறக்க வேணாம்னு சொல்லு."

ஜெபராஜ் வந்தான். வாசப்படி விஷயத்தை நான் சொல்லியிருந்ததால் வெளியிலேயே நின்றுவிட்டான். அப்பா வாசலுக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கி, நின்றபடியே புரட்டினார். சுறாக்கள் கூட்டமாக வந்து முட்டித் தொட்டியை உடைத்தன. கடல் உள்ளே பாய்ந்தது. அப்பா நீளமாக மூச்சு விட்டார். பிறகுதான் எதிரில் ஒரு மனிதன் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"உள்ள வாங்க," என்றார். சமையலறைப் பக்கம் திரும்பி, "ரத்தினம், மாப்பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா. சொம்பு நிறையக் கொண்டா."