லேபிள் கிழித்த மரப்பட்டை

சூரிய அஸ்தமனம் என் கடையில் முந்நூறு. படச் சட்டம் சேர்த்து. கண்ணாடி வேண்டுமென்றால் ஐம்பது கூட. மலை, அருவி, கடல் எல்லாம் அதே விலைதான். படைத்தவன் வந்து பங்கு கேட்டதில்லை.

இந்தக் கடைக்குள்தான் என் மனைவி ஒரு மரப்பட்டையைக் கொண்டுவந்தாள். கடைக்குப் பின்னால் நிற்கும் மரத்தைக் கிட்டப் போய் அவளே கேமராவில் எடுத்தது. கம்ப்யூட்டரில் அதை இழுத்தாள், மடித்தாள், பழுப்பைச் சிவப்பாக்கினாள். கடைசியில் மரமும் இல்லை, பட்டையும் இல்லை. கோடும் நிறமும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"மரத்தை மரமா விக்கவே நாக்குத் தள்ளுது. இதை எவன் வாங்குவான்?" என்றேன்.

"வாசல் பக்கச் சுவரைக் கொடுங்க. மாசக் கடைசிக்குள்ள போகலைன்னா கேமராவை வித்துடறேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேமராப் பையைக் கொண்டுவந்து கல்லாவுக்குக் கீழே வைத்துவிட்டாள்.

நானும் வஞ்சகம் செய்யவில்லை. பெயர் ஒட்டாத படம் என் கடையில் கிடையாது. இன்னதென்று தெரியாத சரக்கை எவரும் தொடமாட்டார். 'மரப்பட்டை' என்று கொட்டை எழுத்தில் ஒட்டினேன். வந்தவர்கள் படித்தார்கள், "ஓ, மரப்பட்டையா" என்று தலையாட்டினார்கள், அருவியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசி நாள் காலை லேபிளைக் கிழித்தாள். "விடையை நீங்களே சொல்லிட்டா, அவங்க பார்க்க என்ன இருக்கு?"

மாலையில் பஸ் டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்தார், சட்டம் போடக் கொடுத்த கல்யாணப் போட்டோவை வாங்க. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏய், இது மழையில என் பஸ்ஸோட முன்கண்ணாடி. எதிர்ல வர்ற லைட்டெல்லாம் கரையுது பாரு!"

"முதல்ல கண்ணைக் காட்டுங்க டாக்டர்கிட்ட. அது அடுப்புத் தணல்," என்றார் அவர் மனைவி.

"நான் சொன்ன எதை நீ ஒத்துக்கிட்டே?"

'ரெண்டுமே இல்லீங்க' என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. என் மனைவி காலை மிதித்தாள். விழுங்கினேன்.

"என்ன விலை?" என்றார் டிரைவர்.

"நானூறு," என்றேன்.

"அறுநூறு," என்றாள் அவள். "இவருக்கு அஸ்தமன விலைதாங்க தெரியும்."

ஐந்நூற்றைம்பதில் படிந்தது. கல்யாணப் போட்டோவை மேஜையிலேயே மறந்துவிட்டு, சண்டையை மட்டும் மறக்காமல், படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கடை மூடும்போது கணக்குப் பார்த்தோம். சட்டமும் கண்ணாடியும் இருநூறு, எனக்கு. மீதி முந்நூற்றைம்பது, அவளுக்கு. கேமரா, பையோடு ஒப்படைக்கப்பட்டது. மரத்துக்கு ஒன்றுமில்லை.

பாக்கி: அவளுடைய அடுத்த படத்துக்கு நான் தரவேண்டிய இன்னொரு சுவர். காலையில் முதல் வேலையாக அருவியைக் கழற்ற வேண்டும்.