அண்ணன் எழுதிவைத்த வரி

அண்ணனின் மேஜை இழுப்பறையில் கிடைத்த பென்டிரைவைத் தன் பழைய மடிக்கணினியில் செருகினாள் தங்கை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவவா என்று அது கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். காலையில் லாரி மோதியதில் அண்ணனோடு அவன் பையிலிருந்த மடிக்கணினியும் போனும் நொறுங்கிப்போயிருந்தன. ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்துவிடும்.

"மாலை போட போட்டோ கிடைச்சுதாம்மா?" கதவருகே நின்று கேட்டார் சித்தப்பா. "ஆபீஸ் கார்டுல இருக்கறது வேணாங்கறா உங்கம்மா. யாரோ மாதிரி இருக்கானாம். சிரிச்ச மாதிரி ஒண்ணு வேணுமாம்."

"பாத்துட்டிருக்கேன் சித்தப்பா."

வீட்டில் படமெடுப்பவன் அவன்தான். அவள் போனில் எல்லோர் முகமும் இருந்தது, அவனுடையதைத் தவிர.

அவன் கணினியை இயக்கிய லினக்ஸின் அமைப்பு முழுவதும் அந்தப் பென்டிரைவில் ஒரே கோப்பில் இருந்தது. என்ன மென்பொருள் வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும், எத்தனை மணிக்கு எது நடக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிடுவான். கணினி அதைப் படித்துத் தன்னை அப்படியே அமைத்துக்கொள்ளும். மளிகை லிஸ்ட் எழுதச் சோம்பல்படுகிறவன் இதற்கு மட்டும் வாரக்கணக்கில் உட்கார்ந்தான். அவள் கேலி செய்யாத நாளில்லை.

"சிரி, சிரி. என் மெஷின் செத்தாலும் இந்த ஃபைல் இருந்தா அரை மணி நேரத்துல அப்படியே திரும்பி வந்துடும்" என்பான்.

வந்தது. அதே கரும்பச்சைத் திரை, மூலையில் அதே பெரிய கடிகாரம். அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனதுபோல் இருந்தது.

படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். காலி.

எழுதியது மட்டும்தான் திரும்பி வரும். படங்களை யாரும் அந்தக் கோப்பில் எழுதுவதில்லை. கணினி வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் ஆசை யாரை விட்டது.

"எங்கயும் இல்ல சித்தப்பா. கார்டுல இருக்கறதையே குடுத்துடுங்க."

"சரிம்மா" என்று அவர் நகர்ந்தார்.

மணி நான்கானது. திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி தோன்றியது. 'அம்மாவுக்குக் கண் மருந்து. ரெண்டு கண்ணுக்கும்.'

ஃப்ரிட்ஜிலிருந்து குப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

"தலைய நிமித்தும்மா."

"இப்ப எதுக்குடி அது?"

"அவன் எழுதி வச்சிருக்கான்."

அம்மா முகத்தை உயர்த்தினாள். இரண்டு கண்ணிலும் நீர் தளும்பி நின்றது.

"அழுதா மருந்து நிக்காதும்மா."

"கொஞ்சம் இரு" என்றாள் அம்மா.

மூடியைக் கழற்றிய குப்பியோடு அம்மா பக்கத்திலேயே நின்றாள்.