ஓட்டை விழுந்த கத்திரிக்காய்

ஷாலினி மேரி பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஏலாக்குறிச்சி பக்கத்தில் மாமனார் நிலத்தில் காய்கறி போட ஆரம்பித்தபோது, மருந்தடிக்காத காய் என்ற ஒன்றே போதும், அரியலூரில் ஆட்கள் வாங்குவார்கள் என்று நம்பினாள். வாங்கவும் செய்தார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் கமலவேணி தன் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் வீடு வீடாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு குழுவையே தொடங்கிக்கொடுத்தார். ஷாலினி வாரத்துக்கு இருமுறை ஸ்கூட்டியில் கூடைகளைக் கட்டிக்கொண்டு போவாள்.

முதல் வருஷம் கத்திரிக்காயில் புழு இருந்தது. சம்பந்தி வீட்டார் வந்திருந்த அன்றைக்குக் கமலவேணி அரிந்த காய்க்குள்ளிருந்து ஒன்று நெளிந்து வெளியே வந்தது. "ஆர்கானிக்னா இப்படியா ஷாலினி? மானம் போச்சு" என்றார்.

ஷாலினிக்கும் மானம் போனதுபோலத்தான் இருந்தது. அடுத்த பட்டத்துக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தாள். அந்துப்பூச்சிகள் வந்து விழ வயலெங்கும் பொறி தொங்கவிட்டாள். தினமும் காலையில் புழு குடைந்து வாடிய குருத்துகளைத் தேடித்தேடிக் கிள்ளிப் பையில் போட்டு வெயிலில் காயவைத்தாள். விரல்நுனியெல்லாம் முள் குத்தி வீங்கியது. காய் பளபளவென்று காய்த்தது. ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

கமலவேணி ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"என்ன அடிச்ச?"

"ஒண்ணும் அடிக்கல மேடம். வேப்பங்கொட்டைதான்."

"போன வருஷம் புழு இருந்துச்சுல்ல? அது எங்க போச்சு?"

அன்று மாலையே குழுவில் பேச்சு கிளம்பிவிட்டது. பூச்சிகூடத் தின்னாத காயை நாம் எப்படித் தின்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். "நேர்லயே வந்து பாருங்க" என்று ஷாலினி எழுதினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து வந்தார்கள். ஷாலினி மெயின் ரோட்டில் நின்று காத்திருக்க, வேன் ஆற்றுப் பக்கத்து வழியாக வந்து மிக்கேல் வயலில் நின்றுவிட்டது. மிக்கேல் அவள் கணவன் டேவிட்ராஜுக்குச் சித்தப்பா முறை. வாராவாரம் கடையில் புதுப்புது மருந்து வாங்கி அடிப்பவர். புழுக்களோ அதற்கெல்லாம் பழகிவிட்டிருந்தன. மார்க்கெட்டில் தள்ளிவிட்ட சொத்தைக் காய்களைக் குவித்து வைத்துக்கொண்டு அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

ஷாலினி ஸ்கூட்டியில் பறந்து வருவதற்குள் கூட்டம் அந்தக் குவியலைச் சுற்றி நின்றிருந்தது. ஒருவர் புழுவை உள்ளங்கையில் விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"மருந்து அடிப்பீங்களா ஐயா?" என்று கமலவேணி கேட்டார்.

"அடிச்சு என்னங்க பிரயோசனம்? அதுவும் ஒரு உசுரு. சாவ மாட்டேங்குது" என்றார் மிக்கேல் சலிப்போடு.

கமலவேணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, ஒரு புழுவைக்கூடக் கொல்ல மனசு வராத மனுஷன்."

"மேடம், சித்தப்பா நெசமாவே மருந்து அடிக்கிறாரு. மோட்டார் கொட்டாய்ல டப்பா கெடக்கு, வந்து பாருங்க" என்றாள் ஷாலினி.

"பொறாமைப்படாத ஷாலினி" என்றார் கமலவேணி, மெதுவாக.

யாரும் மோட்டார் கொட்டகைக்குப் போகவில்லை. சொத்தைக் காய் முழுவதும் வேனில் ஏறியது. ஷாலினி குழுவிலும் எழுதிப் பார்த்தாள். அவளைக் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

"நான் ஒரு பொய் சொன்னேனா, சொல்லு" என்று மிக்கேல் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். சொல்லவில்லைதான்.

காய் வீட்டில் குவிந்தது. "நீயும் ஊக்கால ரெண்டு ரெண்டு ஓட்டை போட்டு எடுத்துட்டுப் போ" என்று டேவிட்ராஜ் சிரித்தான். அவன் வேலைக்குப் போன பிறகு, ஷாலினி நிஜமாகவே ஒரு காயை எடுத்து ஊக்கால் குத்தினாள். துளை அசல் புழு குடைந்ததுபோலவே இருந்தது. யாரோ பார்த்துவிட்டதுபோலச் சட்டென்று அதை மாட்டுத் தொட்டியில் போட்டாள்.

நாலைந்து நாள் கழித்து மிக்கேலின் மனைவி முந்தானைக்குள் ஒரு பையோடு வந்தாள்.

"எங்க வூட்டுக்குக் கொஞ்சம் கத்திரிக்கா குடு ஆயி. எங்களதத் திங்க பயமா இருக்கு. சித்தப்பாகிட்ட சொல்லாத. அவருதான் அனுப்புனாரு, தன் பேரச் சொல்லக் கூடாதுன்னு."

ஷாலினிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. பை நிறையப் போட்டாள். அதற்கப்புறம் ஊரில் பருத்திக்கு மருந்து அடிப்பவர்கள், மிளகாய்க்கு அடிப்பவர்கள் என்று வீட்டுக்கு வீடு ஆள் வர ஆரம்பித்தது. யாரும் காயை மோந்து பார்க்கவில்லை. ஸ்கூட்டி திண்டாட்டம் இல்லாமல் வாசலிலேயே காய் தீர்ந்தது. மருந்தடித்த காயைத் தின்னும் அரியலூர்க்காரர்களை நினைத்தால் மட்டும் மனசு உறுத்தும். ஒருநாள் கமலவேணியைப் போனில் கூப்பிட்டாள். மணி அடிக்காமலேயே இணைப்பு துண்டானது.

ஒரு காலையில் உரக்கடை இளையபெருமாளே பைக்கில் வந்து நின்றார். சுற்று வட்டாரத்துக்கே பூச்சிமருந்து விற்பவர்.

"எங்க வூட்டுக்கு வாராவாரம் ஒரு கூடை வேணும்மா."

"மருந்து அடிக்கிறேனான்னு கேக்கலையாண்ணே?"

"எதுக்கு? எங்க கடைப் படி ஏறாத ஆளு இந்தப் பக்கம் நீ ஒருத்திதான்."

ஷாலினி தராசை எடுத்தாள். "வெண்டைக்காயும் பிஞ்சா இருக்குண்ணே, போடவா?"

"போடு, போடு" என்றார் இளையபெருமாள்.